கடனின் அறமும் இடரின் பங்கும்: திருப்பூர் வட்டார உழவுப் பெண்களை முன்வைத்து

ஒருவர் மற்றொருவருக்குப் பணம் கொடுத்து, குறித்த காலத்தில் அதை வட்டியோடு திரும்பப் பெறுவதாக உடன்பாடு செய்துகொள்ளும்போது, அந்தப் பணம் இறங்கிய தொழிலில் நட்டம் வந்தால் அதை யார் தாங்குவது என்ற கேள்வி, கணக்கைச் சேர்ந்ததாகத் தோன்றினாலும் அடிப்படையில் அறத்தைச் சேர்ந்தது. வாங்கியவர் சோம்பியிருந்து தொழிலைக் கெடுத்தால் நட்டம் அவருடையது என்பதில் எந்தச் சமயமும் எந்தத் தத்துவமும் மாறுபடவில்லை. ஆனால் வாங்கியவர் முழு உழைப்பையும் கொட்டிய பிறகும் மழை பொய்த்தாலோ, மாடு இறந்தாலோ, சந்தையில் விலை வீழ்ந்தாலோ, அந்த இழப்பு முழுவதும் அவர் தலையில் விழுவதும் கொடுத்தவரின் முதலும் வட்டியும் குறைவின்றி வீடு திரும்புவதும் நீதியாகுமா என்ற இடத்தில்தான், கடனைப் பற்றிய அறச்சிந்தனை தொடங்குகிறது. நட்டம் நேரக்கூடிய அந்த வாய்ப்பையே இக்கட்டுரை இடர் என்ற சொல்லால் குறிக்கிறது.

இக்கேள்வி நம் காலத்தில் மிகக் கூர்மையாக எழுவது நுண்கடனில். சொத்து எதையும் அடகாகக் கேட்காமல், சிறு தொகைகளாக, பெரும்பாலும் பெண்களுக்கு, குழுவின் கூட்டுப் பொறுப்பில் வழங்கப்படும் கடனே நுண்கடன் எனப்படுகிறது. வங்காளதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் 1976இல் இம்முயற்சியைத் தொடங்கி 1983இல் கிராமின் வங்கியை நிறுவிய முகமது யூனுஸ், கடன் பெறுவதை மனித உரிமைகளுள் ஒன்றாகவே கருதினார். 2006ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் அவ்வங்கிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதற்குத் தனியான வரலாறு உண்டு. ஜெயா அருணாசலம் 1978இல் சென்னையில் தொடங்கிய உழைக்கும் மகளிர் மன்றமும், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மகளிர் மேம்பாட்டுத் திட்டமும், சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்க நபார்டு வங்கி 1992இல் மேற்கொண்ட முன்னோடி முயற்சியும், 1997இல் வந்த மகளிர் திட்டமும் அந்த வரலாற்றின் படிகள். அடகு வைக்க ஏதுமில்லாதவர் என்று வங்கி வாசலிலேயே திருப்பியனுப்பப்பட்ட பெண், தன் பெயரில் கணக்கும் கையெழுத்தும் பெற்றது சிறிய மாற்றமன்று. அதை மறுத்துப் பேசும் எந்த விமர்சனமும் நேர்மையானதாகாது.

இருப்பினும் கடன் பெறும் உரிமை, இடரை விலக்கும் உரிமையாகாது. ஒரு பெண்ணின் கைக்கு எவ்வளவு பணம் வந்தது, அதில் எவ்வளவு திரும்பியது என்ற இரண்டு எண்களைக் கொண்டே அவளுடைய பொருளாதார ஆற்றலை அளப்பது வழக்கமாகிவிட்ட சூழலில், அப்பணத்தோடு சேர்ந்து அவள் தோளில் ஏறிய இடர் எவ்வளவு என்ற மூன்றாவது அளவு கேட்கப்படுவதேயில்லை. உழவில் இறங்கும் கடனுக்கு அந்த மூன்றாவது அளவே உயிரானது என்பதும், இடரில் பங்கேற்காத கடன் எவ்வளவு சிறியதாயினும் அறத்தின் அளவுகோலில் குறைபட்டது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பண்ணயத்தின் காலமும் தவணையின் காலமும்

கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 2009இல் உருவான திருப்பூர் மாவட்டம் பனியன் ஏற்றுமதியால் உலகறிந்தது. ஆயினும் அதன் பரப்பில் பெரும்பகுதி, காங்கேயம், தாராபுரம், வெள்ளக்கோவில், மூலனூர், ஊத்துக்குளி, பொங்கலூர் என விரியும் உழவு நிலமும் மேய்ச்சல் நிலமுமாகும். அமராவதி அணையின் நீரும் பரம்பிக்குளம்-ஆழியாறு கால்வாயின் நீரும் எட்டுகிற இடங்கள் தவிர மற்றவை பெரும்பாலும் மானாவாரி நிலங்கள். அதாவது, மழையை மட்டும் நம்பியவை. கிளுவை வேலி சூழ, வெள்வேல மரங்களுக்கிடையே கொழுக்கட்டைப்புல் வளரும் கொரங்காடு என்ற மேய்ச்சல் காட்டுமுறை, காங்கேயம் மாட்டினத்தை வளர்த்தெடுத்தது. கொங்கு நாட்டார் பண்ணயம் என்று சொல்லும் இந்த உழவு வாழ்வில், கட்டுத்தரையைக் கூட்டிச் சாணம் அள்ளுவது, பால் கறந்து சொசைட்டியில் ஊற்றுவது, சோளத்தட்டு அறுத்துக் கட்டுவது, ஆட்டுக்குட்டிகளைப் பார்ப்பது, சின்ன வெங்காயத்துக்குக் களையெடுப்பது ஆகிய அன்றாட வேலைகளின் பெரும்பங்கு பெண்களுடையது.

இவ்வேலைகளுக்காகப் பெண்கள் வாங்கும் கடன்களுள் கறவை மாட்டுக் கடன் முதன்மையானது. கன்று ஈன்ற மாடு ஏறத்தாழப் பத்து மாதம் பால் கொடுத்து, அடுத்த ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்பாக வற்றிவிடும். சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லையென்றால் வற்றுகாலம் நீளும். மடிநோய் வந்தால் ஒரு காம்பே பயனற்றுப் போகலாம். கோமாரியோ, 2022இல் நாட்டின் பல பகுதிகளில் பரவிய தோல் கழலை நோயோ தாக்கினால் மாட்டையே இழக்க நேரிடும். ஆனால் தவணைக்கு வற்றுகாலம் கிடையாது. வெங்காயத்திலும் இதே முரண்பாடு உண்டு. அறுவடை நேரத்தில் விலை விழுந்துகிடக்கும்போது, காயைப் பட்டறை போட்டு வைத்து விலை ஏறும்வரை காத்திருப்பதே உழவரின் பட்டறிவு. கடன் பெற்ற முதல் வாரத்திலிருந்தே தவணை கட்ட வேண்டியவருக்கு அந்தக் காத்திருப்பு வாய்ப்பதில்லை. கடன் அவருடைய உழைப்பைக் குலைக்கவில்லை. உழவின் அறிவு என்று சொல்லத்தக்க காலம் பார்க்கும் திறனைப் பறித்துவிடுகிறது.

வாரத் தவணை இந்த வட்டாரத்தில் எவ்வாறு கட்டப்படுகிறது என்பதில்தான் திருப்பூருக்கே உரிய ஓர் உண்மை வெளிப்படுகிறது. பனியன் கம்பெனிகளில் சம்பளம் வாரக் கணக்கில், பெரும்பாலும் சனிக்கிழமைகளில், எத்தனை ஷிப்ட் வேலை செய்தார் என்பதைக் கொண்டு வழங்கப்படுகிறது. செக்கிங், பிசிறு வெட்டுதல் முதலிய வேலைகளுக்காகக் கிராமங்களிலிருந்து வேனில் ஏறிச் செல்லும் மகளோ, மருமகளோ, கடன் வாங்கிய பெண்ணோ வீட்டுக்குக் கொண்டுவரும் அந்தச் சம்பளமே வாரத் தவணையின் காலத்தோடு பொருந்துகிறது. ஆகவே மாட்டின் பெயரில் வாங்கிய கடன் தையல் எந்திரத்தின் வருமானத்தில் அடைகிறது. ஏட்டில் அது உழவுக் கடனின் வெற்றியாகப் பதிவாகிறது. ஆயத்த ஆடைக்கான ஆர்டர் குறையும்போது இந்த மறைமுகப் பிணைப்பு வெளிச்சத்துக்கு வருகிறது. 2020இன் பெருந்தொற்று ஊரடங்கிலும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோதும் கம்பெனிகளில் வேலை குறைந்ததன் அதிர்ச்சி, காட்டில் மேயும் மாட்டின் கடனையும் தொட்டது. மழையின் இடரைத் தாங்கிய பெண், அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலுள்ள அரசின் முடிவால் வரும் இடரையும் சேர்த்துத் தாங்குகிறார்.

குழுவின் இரு முகங்கள்

நுண்கடன் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று மாறான இரண்டு அமைப்புகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது சுயஉதவிக் குழு. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வரை சேர்ந்து, ஊக்குநர் ஒருவரையும் பிரதிநிதிகள் இருவரையும் தேர்ந்தெடுத்து, முதலில் சிறுசிறு தொகையாகச் சேமித்து, அச்சேமிப்பிலிருந்து தமக்குள் கடன் கொடுத்துக்கொண்டு, பிறகு வங்கியின் கடனைப் பெறுவது அதன் முறை. உள்கடனுக்கு உறுப்பினர் கட்டும் வட்டி மீண்டும் குழுவின் பொதுநிதியிலேயே சேர்கிறது. ஒருவரின் வீட்டில் சாவோ நோயோ வந்தால், அவருடைய தவணையைத் தள்ளிவைக்கும் அதிகாரமும் குழுவுக்கே உண்டு. ஏனெனில் பணமும் தீர்ப்பும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

இரண்டாவது, கூட்டுப்பொறுப்புக் குழு. இங்கே சேமிப்பு முதன்மையன்று. வெளியிலிருந்து வரும் நிறுவனத்தின் கடனுக்கு ஒருவருக்கொருவர் பிணை நிற்பதற்காகவே நான்கைந்து பெண்களிலிருந்து பத்துப் பெண்கள் வரை ஒன்றுசேர்க்கப்படுகிறார்கள். வாரத்தில் ஒருநாள், கம்பெனி வேன் வருவதற்கு முன்பான காலைப் பொழுதில், ஒரு வீட்டுத் திண்ணையில் மையக் கூட்டம் கூடும். உறுப்பினர்கள் வரிசையாக அமர்ந்து, தவணையைத் தவறாமல் கட்டுவதாக உறுதிமொழி சொல்லி, பணத்தை எண்ணி வைப்பார்கள். ஒருவரிடம் பணம் குறைந்தால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும்; கட்டி முடியும்வரை கூட்டம் கலைவதில்லை. அடகு கேட்கப்படவில்லை என்று சொல்லப்பட்டாலும், அந்தத் திண்ணையில் அடகாக வைக்கப்படுவது அண்டை வீட்டாரின் முன்னே அப்பெண்ணுக்குள்ள மானமும், நாற்று நடவிலும் பிரசவத்திலும் சாவிலும் ஒருவருக்கொருவர் துணை நின்ற உறவும்தான். தங்கத்தை அடகு வைத்து மூழ்கிப்போனால் தங்கம் மட்டுமே போகும். உறவை அடகு வைத்து மூழ்கினால் அடுத்த இடரில் கைகொடுக்க ஊரில் எவரும் இருக்கமாட்டார்கள்.

நிறுவனத்தின் பார்வையில் இந்த ஏற்பாட்டின் பயன் தெளிவானது. தனக்கு வரவேண்டிய இடரை அது ஐந்து குடும்பங்களுக்குள்ளேயே அடைத்துவிடுகிறது. ஆனால் ஒரே ஊரில், ஒரே மழையை நம்பி, ஒரே சந்தையில் விற்கும் ஐந்து பெண்களின் இடர்கள் தனித்தனியானவை அல்ல. பொய்த்தால் ஐவருக்கும் சேர்ந்தே பொய்க்கும். ஒருவர் விழும்போது மற்றவர் தாங்குவார் என்ற கூட்டுப்பொறுப்பின் அடிப்படை, ஐவரும் சேர்ந்து விழக்கூடிய உழவுத் தொழிலில் தர்க்கப்படியே நிற்பதில்லை.

இதன் விளைவு ஆந்திரத்தில் வெளிப்பட்டது. வசூல் நெருக்கடியும் தற்கொலைகளும் பெருஞ்செய்தியாகி, 2010 அக்டோபரில் அம்மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகம் குழு 2011இல் அறிக்கை தந்தது. 2022 மார்ச்சில் வெளியான ரிசர்வ் வங்கியின் நெறிமுறை, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குட்பட்ட குடும்பங்களுக்கான ஈடற்ற கடன்களை நுண்கடன் என வரையறுத்து, எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது என்று விதித்தது. அதேவேளையில் வட்டிக்கான உச்சவரம்பை நீக்கியது. கந்துவட்டியைத் தடுக்க 2003இலேயே சட்டமியற்றிய தமிழ்நாடு, 2025இல் கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைக் குற்றமாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இவை யாவும் வேண்டப்பட்டவையே. ஆனால் இவை வசூலிப்பவரின் நடத்தையையும் கடனின் அளவையும் ஒழுங்குபடுத்துகின்றனவேயன்றி, நட்டத்தின் பங்கீட்டைத் தொடவில்லை. மென்மையாகப் பேசிக் கேட்கப்பட்டாலும், இறந்த மாட்டுக்கான தவணை தவணைதான்.

அறநூல்கள் இடரைக் கண்ட விதம்

கடனைப் பற்றிப் பேசிய பழைய சமய மரபுகளும் அரசியல் நூல்களும் இந்தப் பங்கீட்டை நன்கு அறிந்திருந்தன. கௌடில்யரின் அர்த்தசாத்திரம், நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணத்தை அறத்துக்கு உகந்த வட்டியாக வகுத்து, வணிகருக்கு ஐந்தும், காட்டுவழிச் செல்வோருக்குப் பத்தும், கடல்வழிச் செல்வோருக்கு இருபதும் என உயர்த்திச் செல்கிறது. கப்பல் மூழ்கினால் கொடுத்தவரின் முதலும் மூழ்கும் என்ற நிலையில்தான் அந்த உயர்ந்த வட்டிக்குப் பொருள் உண்டு. வட்டி மிகுதியாக இருக்குமானால் அது கொடுத்தவர் ஏற்ற இடருக்கான கூலியாக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் நெறி. ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் வட்டியும் வாங்கி, இடரையும் முழுவதுமாகக் குழுவின் மீது ஏற்றும் ஏற்பாடு, இந்த நெறிக்கு முன்னால் நிற்க இயலாதது. சில இடங்களில் தொடக்கக் கடன் தொகை முழுவதற்கும் இறுதிவரை வட்டி போடும் நிலைவட்டி முறையும் கையாளப்படுகிறது. வாரந்தோறும் முதல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி குறையாத இம்முறையில், 12 விழுக்காடு என்று சொல்லப்படுவது உண்மையில் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பதும் இங்கே கருதத்தக்கது.

அதே அர்த்தசாத்திரம், வேலைக் காலத்தில் உழவரைக் கடனுக்காகப் பிடித்துச் செல்லலாகாது என்கிறது; பருவத்தின் முன் கடன் பணிய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கணவன் பட்ட கடனுக்கு, அதற்கு இசையாத மனைவி பொறுப்பாகமாட்டாள் என்றும் அந்நூல் விதிக்கிறது. ஆனால் ஆயர் குடும்பத்துப் பெண்ணுக்கும் வாரத்துக்கு உழுவோர் வீட்டுப் பெண்ணுக்கும் மட்டும் இந்தக் காப்பு இல்லை என்று விலக்கும் செய்கிறது. மாட்டையும் நிலத்தையும் நம்பிய குடும்பங்களில் பெண்ணின் உழைப்பே பிழைப்பின் பாதி என்று அந்தச் சட்டம் அறிந்திருந்தது. அறிந்ததை அவளுக்குச் சொத்துரிமை தருவதற்குப் பயன்படுத்தாமல், கடனை வசூலிப்பதற்கே பயன்படுத்திக்கொண்டது. உழைப்பவள் என்ற அங்கீகாரம் கடனின் வாசல் வழியாக மட்டுமே பெண்ணுக்குக் கிடைப்பது எத்துணைப் பழமையான அநீதி என்பதற்கு இவ்விலக்கே போதும். மனுநீதி நூலும், சேர்ந்த வட்டி முதலைத் தாண்டலாகாது என்ற நல்ல நெறியைச் சொன்ன அதே இடத்தில், வருணப்படி மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை என வட்டியை ஏற்றி, அடித்தட்டில் இருப்போரிடம் மிகுதியாக வாங்க வழிசெய்தது. வசதி படைத்தவர் வங்கியில் குறைந்த வட்டிக்கும் ஏழை பெருவட்டிக்கும் கடன் பெறும் இன்றைய நிலை, சாதியின் பெயரைச் சொல்லாமல் அதே ஏணியில்தான் நிற்கிறது. மரபு என்பதாலேயே ஒன்று அறமாகிவிடாது. மரபிலிருந்து எடுக்க வேண்டியதைப் பகுத்தறிந்தே எடுக்க வேண்டும்.

விவிலியத்தின் உபாகமம், மாவரைக்கும் கல்லை அடகாக வாங்குவது ஒருவரின் உயிரையே அடகாக வாங்குவதாகும் என்று தடுக்கிறது. கைம்பெண்ணின் ஆடையை அடகாகப் பெறலாகாது என்கிறது. அடகுப் பொருளைப் பெறச் செல்பவர் கடன்பட்டவரின் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்றும் விதிக்கிறது. வீட்டின் வாசற்படி கடன்பட்டவரின் மானத்துக்கு எல்லையாக அமைந்த இந்த நெறியை, தவணை கட்டும்வரை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் வசூல் முறையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இசுலாம், ரிபா என்று அழைக்கும் வட்டியை விலக்கி, அதற்கு மாற்றாக ஆதாயத்திலும் நட்டத்திலும் பங்கேற்கும் முதலீட்டை அனுமதித்தது. இடரை ஏற்காதவருக்கு ஆதாயத்தில் உரிமை இல்லை என்பது இசுலாமிய வணிகச் சட்டம் வகுத்துக்கொண்ட அடிப்படை. நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தர வேண்டும் என்பதும், தள்ளுபடி செய்வது அதனினும் மேல் என்பதும் குர்ஆனின் போதனை.

தமிழகக் கோயில் கல்வெட்டுகள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் குந்தவையார் முதலானோர் அளித்த காசு, ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு வட்டியில் ஊர்ச்சபைகளிடம் வைக்கப்பட்டது. வாங்கியது தனி மனிதர் அன்று, விளைநிலங்களை ஆண்ட சபை. நந்தாவிளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை இடையரிடம் ஒப்படைத்து, நாளொன்றுக்கு உழக்கு நெய் பெறும் ஏற்பாட்டையும் அக்கல்வெட்டுகள் குறிக்கின்றன. சாவா மூவாப் பேராடு என்று அழைக்கப்பட்ட அந்த மந்தையில் இறந்ததைப் பிறந்தது ஈடுசெய்யும் என்று கொள்ளப்பட்டது. இடர் அங்கும் இடையருடையதே என்றாலும், முதல் திருப்பிக் கேட்கப்படவில்லை. கேட்கப்பட்டது மந்தை தரும் பொருளே, அது தரும் வேகத்திலேயே. கடனின் தாளம் உயிரினத்தின் தாளத்தோடு இயைந்த அமைப்பு அது.

கொடுத்த வாக்கு எதுவரை கட்டும்

இந்நிலைப்பாட்டுக்கு எதிராக எழக்கூடிய வலுவான மறுப்பு, பொருளியலிலிருந்து வருவதைவிட அறத்திலிருந்தே வருகிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது வாக்குத் தவறாமை. உழவுப் பெண்கள் தவணை தவறாமல் கட்டுவதைத் தம் பெருமையாகக் கருதுகிறார்கள். இடரைக் காரணம் காட்டி விலக்கு அளித்தால் அந்தப் பெருமை குலைந்து, நேர்மையானவர் ஏமாளியாகவும் நேர்மையற்றவர் கெட்டிக்காரராகவும் ஆகிவிடுவர் என்பது அந்த மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. மதுரை மாவட்டத்தில் விவசாயக் கூலியாக வாழ்ந்து, களஞ்சியம் இயக்கத்தில் பெண்களை ஒன்றுசேர்த்த சின்னப்பிள்ளையின் காலைத் தொட்டுப் பிரதமர் வாஜ்பாயி வணங்கியபோதும், 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டபோதும், நாடு மதித்தது அத்தகைய வாக்கின் வலிமையைத்தான்.

ஆயினும் வாக்கு எதுவரை கட்டும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. மனிதர் தம் ஆற்றலுக்கு உட்பட்டதையே வாக்காகக் கொடுக்க முடியும். திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தது; மனித முயற்சியின் தலைமையையும் அம்முயற்சிக்கு அப்பாற்பட்ட ஆற்றல்களின் வலிமையையும் ஒருசேர ஏற்றுக்கொண்ட சிந்தனை அது. உழவுக் கடன் பெறும் பெண், மாட்டைப் பேணுவேன், களையெடுப்பேன், பணத்தை வேறு வழியில் செலவிடமாட்டேன் என்று வாக்களிக்கலாம். மழை பெய்யும் என்று வாக்களிக்க அவரால் ஆகாது. நுண்கடன் ஒப்பந்தமோ ஊழால் வந்ததையும் ஆள்வினைக் குறைவாகவே எழுதிக்கொள்கிறது. மாடு இறந்த வீட்டையும் பணத்தைச் சூதாடித் தொலைத்த வீட்டையும் ஒரே கட்டத்தில் நிலுவை என்று குறிக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாத முறைமை கண்டிப்பானது என்று சொல்லப்படலாம். நீதியானது என்று சொல்லப்பட முடியாது.

கொங்கு நாட்டு ஊர்களின் சமய உணர்வும் இந்தப் பிரித்தறிதலை உடையது. காங்கேயத்தை அடுத்த சிவன்மலை முருகன் கோயிலில், அடியார் ஒருவரின் கனவில் உணர்த்தப்பட்ட பொருளை, பூக்கேட்டு உத்தரவு பெற்ற பின் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் வைத்து வழிபடுவர்; அப்பொருளைச் சார்ந்த நன்மையோ தீமையோ நாட்டுக்கே வரும் என்பது நம்பிக்கை. அந்நம்பிக்கையை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் உள்ளம். ஆனால் அதனுள் அடங்கிய அறம் கவனிக்கத்தக்கது: வறட்சியும் விலைவீழ்ச்சியும் தனியொருவரின் குற்றத்துக்கான தண்டனையாக அன்றி, எல்லோரும் சேர்ந்து எதிர்கொள்ள வேண்டிய பொதுத் துன்பமாகவே அங்கே கருதப்படுகின்றன.

கூலி, நிலம், உரிமை

பெண்ணின் கையில் பணம் சேர்வதற்குக் கடன் ஒன்றே வழி என்று கொள்ள வேண்டியதில்லை என்பதற்குத் திருப்பூரின் சொந்த வரலாறே சான்று. பனியனுக்கு முன்பு இவ்வூர் கதரின் ஊராக இருந்தது. 1925இல் நிறுவப்பட்ட அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியபோது, சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் உழவுப் பெண்கள், காட்டில் வேலை இல்லாத நாள்களில் நூற்றுக் கூலி பெற்றார்கள். அந்தக் கூலி மிகக் குறைவு என்பதை உணர்ந்த காந்தியடிகள், எட்டு மணி நேர உழைப்புக்கு எட்டணா என்ற வாழ்கூலியை இலக்காக 1935இல் முன்வைத்தார். சங்கமும் கூலியை உயர்த்தும் முடிவை எடுத்தது. துணி விலை ஏறும், விற்பனை குறையும் என்ற அச்சம் எழுந்தபோதும், அந்த இடரைத் துணி வாங்குவோரும் தாங்க வேண்டும் என்பதே அவருடைய நிலை. தஞ்சாவூரில் பிறந்தவரும் ஆழ்ந்த கிறித்தவருமான ஜே.சி. குமரப்பா, சிறையிலிருந்தபோது எழுதி 1945இல் வெளியான நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில், பிறர் உழைப்பை உண்டு வாழும் பொருளாதாரத்திலிருந்து தொண்டின் பொருளாதாரம் வரையில் படிநிலைகளை வகுத்தார். எவர் உண்கிறார், எவர் இழக்கிறார் என்று கேட்கும் அந்த அளவுகோல், வட்டி விழுக்காட்டைவிட ஆழமானது.

நிலவுடைமை இதன் அடுத்த கேள்வி. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் பெறச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். அவற்றில் பெயர் இல்லாத பெண் எத்தனை ஆண்டுகள் உழுதாலும் உழவர் ஆவதில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் நிலக் கைப்பற்றுகளில் ஏறத்தாழ 14 விழுக்காடே பெண்கள் வசம் இருந்தன. பயிர்க்கடனோடு காப்பீடு வருகிறது. பேரிடர்க் காலத்தில் தவணை மாற்றியமைக்கப்படுகிறது. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 16.43 லட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. கூட்டுறவு வங்கிகளில் பெற்ற சுயஉதவிக் குழுக் கடன்களுக்கும் பின்னர் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. தனியார் நிறுவனங்களில் பெற்ற நுண்கடன் எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. நிலம் உள்ளவரின் இடரில் அரசு பங்கேற்கிறது. நிலமற்ற பெண்ணின் இடரில் அண்டை வீட்டுப் பெண் மட்டுமே பங்கேற்கிறார். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழுள்ள கிணறுகளும் நிலங்களும் கெட்டபோதும் இழப்பீடு நிலத்தின் பரப்பைக் கொண்டே கணக்கிடப்பட்டது. அந்த நிலத்தில் கூலிக்குக் களையெடுத்தும் கரையில் மாடு மேய்த்தும் பிழைத்த பெண்ணின் இழப்புக்குக் கணக்கே இல்லை.

பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. 1989இல் தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. 2005இல் நாடு முழுவதற்குமான இந்து வாரிசுரிமைத் திருத்தம் வந்தது. ஆயினும், சீரும் நகையும் செய்து கொடுத்ததைக் காட்டி மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் கொங்கு நாட்டில் மறையவில்லை. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981இல் தொடங்கிய உழுவோருக்கு நிலம் வழங்கும் லாஃப்டி இயக்கம், கீழத் தஞ்சைப் பகுதியில் நிலக்கிழார்களிடமிருந்து நிலத்தை வாங்கி, தலித் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தது. அங்கும் வங்கிக் கடன் இருந்தது. ஆனால் கடன் அடைந்தபோது பெண்ணின் கையில் மண் எஞ்சியது. உழைக்கும் பெண்ணை நிலவுடைமையின்றியே உழவராகச் சான்றளிக்க வகைசெய்யும் மசோதாவை எம்.எஸ். சுவாமிநாதன் 2012இல் மாநிலங்களவையில் கொண்டுவந்தார்; அது நிறைவேறாமலே காலாவதியாயிற்று. 2023 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாடு அரசு மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம், அத்தொகையைப் பெண்ணின் ஊதியமற்ற உழைப்புக்கான உரிமையாக அறிவித்தது. திருப்பித் தர வேண்டாத பணமும் பெண்ணுக்கு உரியதாகலாம் என்ற எண்ணத்துக்கு அதன்வழி அரசின் ஏற்பு கிடைத்திருக்கிறது.

நீதியான கடனின் இலக்கணம்

மேற்கண்டவற்றிலிருந்து, உழவுப் பெண்ணுக்கு வழங்கப்படும் கடன் அறமாவதற்கான நிபந்தனைகளை வகுத்துக்கொள்ள முடியும். தவணை, மாட்டின் ஈற்றையும் பயிரின் அறுவடையையும் ஒட்டி அமைய வேண்டும். வற்றுகாலத்தில் தவணை கேட்கப்படலாகாது. இறப்பு, நோய், வறட்சி ஆகியவற்றின் இழப்பில் கொடுத்தவருக்கும் பங்கு இருக்க வேண்டும். அப்பங்கு, வட்டியிலிருந்தே ஒதுக்கப்படும் பொது இடர்நிதியாகவோ, கடன் நிறுவனம் தன் செலவில் எடுக்கும் கால்நடைக் காப்பீடாகவோ இருக்கலாம். ஒரே மழையை நம்பிய குடும்பங்களை ஒன்றுக்கொன்று பிணையாக்காமல், நிலமும் தொழிலும் வேறுபட்ட பல ஊர்களின் குழுக்களைக் கூட்டமைப்பாக இணைத்து இடரைப் பரப்ப வேண்டும். கடனால் வந்த மாடும் நிலமும் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். விற்பது, வைத்திருப்பது பற்றிய முடிவும் அவருடையதாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடனை மறுக்கும் வசதி அவருக்கு இருக்க வேண்டும். போதிய கூலியும் பொது மருத்துவமும் இல்லாததால் வாங்கப்படும் கடனைத் தேர்வு என்று அழைக்க முடியாது.

இந்நிபந்தனைகள் கடனைச் சுருக்கிவிடும், நிறுவனங்கள் ஊர்ப்பக்கமே வரமாட்டா என்று அஞ்சுவோருக்கு விடை இருக்கிறது. இடரில் பங்கேற்க வேண்டியிருக்கும் நிறுவனம், மாட்டுக்கு வைத்தியம் கிடைக்கிறதா, பட்டறைக்கு இடம் இருக்கிறதா, சந்தையில் விலை நியாயமாக இருக்கிறதா என்று தன் நலத்துக்காகவே கேட்கத் தொடங்கும். இடரிலிருந்து முற்றிலும் விலகி நிற்கும் நிறுவனமோ, சனிக்கிழமைச் சம்பளம் வந்துவிட்டதா என்பதைத் தவிர வேறெதையும் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லாதது. முன்னதில் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே பண்ணயத்தில் அக்கறை கொண்டவர்கள். பின்னதில் ஒருவரின் நட்டத்தை மற்றவர் அறிய வேண்டிய தேவையே இல்லை.

திரும்பிய தவணைகளின் விழுக்காடு ஒரு நிறுவனத்தின் நலத்தைக் காட்டலாம்; பெண்ணின் ஆற்றலை அது காட்டாது. அவர் சந்தித்த தீயூழின் சுமையில் எவ்வளவைப் பிறர் பகிர்ந்துகொண்டார்கள் என்பதைக் கொண்டே ஒரு கடன் அமைப்பின் அறம் அளக்கப்பட வேண்டும். அந்த அளவில் தேறும் கடனே உழவுப் பெண்ணை உயர்த்தும்.